மார்கழி மாப்பிள்ளை

கல்யாணப் பட்டுக்கான படங்களை நாங்கள் எடுப்பது கல்யாணமே நடக்காத மாதங்களில்தான். தை முகூர்த்தத்துக்கு வேண்டியவற்றை மார்கழியில் எடுப்போம், ஆவணிக்கு வேண்டியவற்றை ஆடியில். அந்த மாதங்களில் மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். ஜவுளிக்கடைக்காரர் ஒரு வார்த்தை சொன்னால் மண்டபத்துச் சாவி வந்துவிடும். சிதம்பரத்தில் அப்படி ஒரு மண்டபத்தின் மேடையில் என் மச்சான் வருடா வருடம் மாப்பிள்ளையாக நின்றான். நான் அவனைப் படம் எடுத்தேன்.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. அவளைவிடப் பத்து வயது சின்னவன். அவன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். என்னைக் கட்டிக்கொண்டு வந்தபோது அவனையும் கூட்டிக்கொண்டுதான் வந்தாள். எனக்கு அதில் வருத்தம் எதுவும் இருந்ததில்லை. கடலூர் முதுநகரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் முன்னறையில், எங்கள் இரண்டு பிள்ளைகளோடு அவனும் வளர்ந்தான். பெரியவனாகி, ஸ்டேஷன் பக்கம் ஒரு கடையில் செல்போன் ரிப்பேர் செய்துகொண்டிருந்தான்.

நான் மங்கலம்பேட்டைப் பக்கத்து விவசாயக் குடும்பம். சென்னையில் ஒரு ஃபேஷன் போட்டோகிராபரிடம் உதவியாளாக இருந்து தொழில் கற்றேன். லைட் தூக்கினேன், துணிக்கு இஸ்திரி போட்டேன், மாடல்களுக்குக் குடை பிடித்தேன். பிறகு தனியாகச் சில படங்கள் செய்தேன். பத்திரிகை அட்டையில் என் படம் வரும் என்று நம்பிய காலம் ஒன்று இருந்தது. அது வரவில்லை. ஊர்ப் பக்கம் வந்து, கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடியை வாடகைக்கு எடுத்து, 'ஃபேஷன் போட்டோகிராபி' என்று பலகை மாட்டினேன். மாட்டிய வாரமே ஒருவர் ரேஷன் கார்டுக்குப் படம் எடுக்க வந்து, ஃபேஷன் எல்லாம் வேண்டாம், சும்மா எடுத்துக் கொடுங்கள் என்றார். எடுத்துக் கொடுத்தேன். மெல்ல மெல்ல ஜவுளிக்கடைகள் வந்தன. கடலூர், சிதம்பரம், விருத்தாசலம். தீபாவளி, பொங்கல், முகூர்த்தம். அதுதான் என் ஃபேஷன் உலகம். குறை சொல்லமாட்டேன், அதில்தான் குடும்பம் நடந்தது.

சிதம்பரம் மேல வீதியில் இருந்த ஒரு ஜவுளிக்கடைக்கு முதல் முறை கல்யாணக் கேட்லாக் செய்தபோது, சென்னையிலிருந்து வரவேண்டிய மாப்பிள்ளை மாடல் வரவில்லை. மழை, பஸ் இல்லை என்று போனில் சொன்னான். மேக்கப் போடும் அம்மா வந்து காத்திருந்தார். கடைக்காரர் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெட்டிகளைத் தூக்க எனக்குத் துணையாக வந்திருந்த மச்சான் தூணோரமாக நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான். கடைக்காரர் அவனைப் பார்த்தார். நானும் அப்போதுதான் அவனை அப்படிப் பார்த்தேன். நல்ல உயரம், அகலமான தோள், மாநிறம். பட்டுச் சட்டையைப் போட்டுவிட்டு, முதுகுப் பக்கம் தொளதொளப்பை க்ளிப் வைத்துப் பிடித்து, மேடையில் நிறுத்தினோம்.

அவனுக்கு வெட்கமே இல்லை. சிலர் கேமரா முன்னால் நின்றால் உடம்பு மரக்கட்டையாகிவிடும். இவன் பந்தியில் இடம் கிடைக்கக் காத்திருப்பவன்போல இயல்பாக நின்றான். பட்டு அவன் மேல் உட்கார்ந்த விதத்தைப் பார்த்துக் கடைக்காரர் மணிக்கட்டைத் திருப்புவதை விட்டுவிட்டார். அடுத்த முறை படப்பிடிப்புக்கு என்னைக் கூப்பிட்டபோது, மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னார்.

தை பிறந்ததும் அவன் படம் மேல வீதியில் மூன்று மாடி உயரத்துக்குத் தொங்கியது. என் மனைவி பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். கண்ணு பட்டுடும் என்று சொல்லி, அவனை உட்காரவைத்து மிளகாய் சுற்றிப் போட்டாள்.

அடுத்த வருடத்திலிருந்து அவனுக்கு ஜோடியாக நின்ற பெண் சிதம்பரத்துக்காரி. தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் வேலை. லீவு நாளில் மட்டும் படத்துக்கு வருவாள். கூடவே அவளுடைய அம்மா வந்து, மண்டபத்தின் முன்வரிசையில் டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு புடவையின் மடிப்பைச் சரிசெய்து லைட்டை நகர்த்த வெகுநேரம் ஆகும். அவ்வளவு நேரமும் மாப்பிள்ளையும் பெண்ணும் கழுத்தில் மாலையோடு அசையாமல் நிற்கவேண்டும். உதடு அசையாமல் பேசிக்கொள்ள இருவரும் பழகியிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அவள் சட்டென்று சிரித்துவிட்டால் மடிப்பு கலையும், நான் சத்தம் போடுவேன். அவளுடைய அம்மா முன்வரிசையிலிருந்து என்னைப் பார்த்துப் புன்னகைப்பார்.

அவனுக்கு இருபத்தெட்டு வயது நடந்தபோது, மங்கலம்பேட்டையில் என் உறவுக்காரர்கள் மூலமாக ஒரு பெண் வந்தது. ஜாதகம் பொருந்தியது. பெண் பார்க்கப் போகவேண்டிய வாரத்தில், பெண்ணின் மாமா ஏதோ வேலையாகச் சிதம்பரம் போனவர் மேல வீதியில் பேனரைப் பார்த்துவிட்டார். மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டதா என்று போன் வந்தது. நானே நேரில் போய் விளக்கினேன். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அந்த மாமா சிரிக்கவில்லை. கண்ட பெண்ணோடும் மாலை போட்டு நிற்பவன் நமக்கு ஒத்துவராது என்று அவர் சொன்னதாகப் பிறகு தெரிந்தது. அந்தச் சம்பந்தம் அதோடு முடிந்தது.

என் மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், இனிமேல் அவனைப் படத்துக்குக் கூப்பிடக்கூடாது என்றாள். நானும் சரி என்றேன். ஆனால் அவன் கேட்கவில்லை. கடையில் நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்திருக்கிறேன் அக்கா, அங்கே போனால்தான் நிமிர்ந்து நிற்கிறேன் என்று சொன்னான். அவன் எதையும் அப்படிக் கேட்டுப் பழக்கமில்லை என்பதால் அவளும் அதற்கு மேல் பேசவில்லை.

பிறகு சிங்கப்பூர் வேலை ஒன்று வந்தது. ஏஜெண்டிடம் பேசி, பாஸ்போர்ட் எடுத்து, மருத்துவப் பரிசோதனைக்குப் போய்விட்டு வந்தான். ஒரு வாரம் கழித்து, அந்த வேலை சரிவராது, போகப்போவதில்லை என்று சொல்லிவிட்டான். ஏஜெண்ட் ஆள் சரியில்லை என்றான். அவனைப் பிரிந்திருக்க வேண்டாமே என்று என் மனைவிக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அவனைத் துருவிக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு இடங்கள் வந்தன. இரண்டுமே பேச்சு முடிந்து பூ வைக்கப்போகும் நேரத்தில் நின்றுபோயின. தரகர் வந்து சொன்ன காரணமும் ஒன்றுதான். பேனரைப் பார்த்தார்களாம், பிடிக்கவில்லையாம். மூன்றாவது தடவை அதைக் கேட்டபோது என் மனைவி சமையலறையிலிருந்து கரண்டியோடு வெளியே வந்தாள்.

"உங்க போட்டோவாலதான் என் தம்பி வாழ்க்க இப்டி நிக்கிது. உங்க தொழிலுக்கு வேற ஆளே கெடைக்கலியா?"

முதல் சம்பந்தம் அப்படித்தானே போனது. அந்த இரண்டு வருடமும் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு ஓயவில்லை. சாப்பாடு போடுவாள், துணி மடித்துவைப்பாள், ஆனால் நான் கேமராப் பையை எடுத்துத் தோளில் மாட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மச்சான் அப்போதெல்லாம் பேசாமல் செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

அந்த வருடங்களில் அவன் முகம் காலையில் உப்பியிருக்கும். மேக்கப் அம்மா கண்ணுக்குக் கீழே இரண்டு தடவை பூசுவார். ராத்திரியெல்லாம் போன் ரிப்பேர் செய்கிறான், தூக்கமில்லை என்றுதான் நினைத்தேன். கம்ப்யூட்டரில் படத்தைத் திருத்தும்போது அந்த வீக்கத்தை நீக்குவேன். மேடையில் செருப்பில்லாமல் நிற்கவேண்டும். பாதம் பருத்துத் தெரிந்ததால், வேட்டியைச் சற்று இறக்கிக் கட்டு என்று ஒருமுறை சொன்னேன். கட்டிக்கொண்டான்.

அடுத்த மார்கழியில், அதே மண்டபத்தில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி மேடையேறியபோது அவனுக்கு மூச்சு வாங்கியது. தூணைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் இருங்க மாமா என்றான். அப்படியே சரிந்து உட்கார்ந்தான். அந்தப் பெண்தான் முதலில் குனிந்தாள். மாலையைக் கழற்றி எறிந்துவிட்டு, அவன் கையைப் பிடித்து நாடி பார்த்தாள். ஆட்டோவில் ஏற்றியபோது அவளும் முகூர்த்தப் புடவையோடே ஏறிக்கொண்டாள். ஆஸ்பத்திரி வாசலில் இருந்தவர்கள் எங்களுக்கு விலகி வழிவிட்டார்கள். கல்யாண மாப்பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று ஒரு அம்மா அழவே தொடங்கிவிட்டார்.

உள்ளே அவனுக்குச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தபோது, நடையில் வைத்து அவள் என்னிடம் சொன்னாள்.

"சார், அவருக்கு ரெண்டு வருஷமாவே கிட்னி சரியில்ல. சிங்கப்பூருக்கு மெடிக்கல் எடுத்தப்பவே தெரிஞ்சிடுச்சு. எங்கிட்ட மட்டுந்தான் சொன்னாரு."

உன்னிடம் ஏன் சொன்னான் என்று கேட்டேன். அவள் புடவைத் தலைப்பில் இருந்த விலைச்சீட்டைத் திருகிக்கொண்டே நின்றாள். வீட்டுக்கு வந்து பெண் கேளுங்கள், அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று அவள்தான் அவனிடம் சொன்னாளாம். அவன் மறுநாள் அவள் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கே வந்து, ரிப்போர்ட்டை அவள் கையில் கொடுத்தானாம். நீ நர்ஸ்தானே, படித்துப் பார் என்றானாம்.

மறுநாள் காலையில் வார்டில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். மீதியை அவனே சொன்னான். அந்த இரண்டு பெண் வீட்டுக்கும் அவனேதான் போன் செய்திருக்கிறான். உடம்பு இப்படி, பெண்ணைக் கொடுக்காதீர்கள், ஆனால் எங்கள் வீட்டுக்கு இதைச் சொல்லாதீர்கள், பேனரைப் பார்த்தோம், பிடிக்கவில்லை என்று சொல்லிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். அவர்களும் நல்ல மனிதர்கள். சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார்கள்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது.

"ரெண்டு வருஷமா உங்கக்கா கிட்ட நான் வாங்குன பேச்சு உனக்குத் தெரியாதாடா?"

"தெரியும் மாமா."

"அப்பறம்?"

"நீங்க தாங்குவீங்க. அக்காவுக்குத் தெரிஞ்சா நாளைக்கே என் கிட்னிய எடுத்துக்கோன்னு வந்து நிக்கும். ரெண்டு புள்ளைங்கள வெச்சிருக்குது."

பக்கத்துக் கட்டில்காரருக்கு யாரோ ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்கு நீங்களே சொல்லிவிடுங்கள், என்னால் முடியாது என்றான்.

முதுநகருக்குப் போய்ச் சொன்னேன். அவள் அழவில்லை. அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைந்த தண்ணீரைக் கொட்டி, பாத்திரத்தை அடுப்பின் மேல் வைத்துவிட்டு, "டெஸ்ட்டுக்கு எங்க போவணும்?" என்றாள். அவன் சொன்னது அப்படியே நடந்தது.

பரிசோதனைகளுக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். கடைசியில் டாக்டர் அவளை உட்காரவைத்து, அவளுக்கே சர்க்கரை ஜாஸ்தியாக இருக்கிறது, அவளால் கொடுக்கமுடியாது என்றார். தனக்குச் சர்க்கரை இருப்பது அவளுக்கு அன்றுதான் தெரியும். மாத்திரை சாப்பிட்டுக் குறைத்துவிடுகிறேன், அப்புறம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். டாக்டர் பொறுமையாக இல்லை என்றே சொன்னார். வெளியே வந்து, பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதுதான் அழுதாள். நான் கொடுக்க முன்வந்தேன். என் ரத்தப்பிரிவு சேரவில்லை.

கடலூரிலேயே டயாலிசிஸ் தொடங்கியது. வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில் நான் பைக்கில் கொண்டுபோய் விடுவேன். முடிந்து வெளியே வரும்போது துவைத்துப் பிழிந்த துணி மாதிரி இருப்பான். இடது கையில் ஊசி குத்தும் இடம் கயிறுபோலப் புடைத்துவிட்டது. குடிக்கும் தண்ணீரைக்கூட என் மனைவி அளந்துதான் கொடுப்பாள். அதைக் கொடுக்கும்போதெல்லாம் அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வராது.

அவளுக்கு, அந்தச் சிதம்பரத்துப் பெண்ணுக்கு, அடுத்த வைகாசியில் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை பெண்ணாடத்தில் சர்க்கரை ஆலையில் வேலை பார்ப்பவர். பத்திரிகையை அவளுடைய அம்மா நேரில் கொண்டுவந்து கொடுத்தார். என் மச்சானின் தலையில் கைவைத்து ஒரு நிமிடம் நின்றார். அவருக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. கல்யாணத்துக்குப் போகவேண்டாம் என்று என் மனைவி சொன்னாள். அவன் போகத்தான் வேண்டும் என்றான். சட்டையை இஸ்திரி போட்டு வைத்துக்கொண்டான்.

நாங்கள் போனபோது மணமகன் அறையில் ஒரே சலசலப்பு. மாப்பிள்ளைக்கு நல்ல பருமன். புதுப் பட்டு வேட்டி இடுப்பில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. தாய்மாமன் ஒருவர் கட்டிக் கட்டி அவிழ்த்துக்கொண்டிருந்தார். நேரமாகிறது என்று வெளியிலிருந்து ஐயர் குரல் கொடுத்தார். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் மச்சான் உள்ளே போனான்.

"கால கொஞ்சம் அகட்டி நில்லுங்க. மூச்ச இழுத்துப் புடிங்க" என்றான்.

குனிந்து, கொசுவத்தை மடித்துச் செருகி, கரை நேராக விழும்படி இழுத்துவிட்டு, பெல்ட்டை அதன் மேல் போட்டு இறுக்கினான். இரண்டு முறை நிறுத்தி மூச்சு வாங்கினான். முடிந்ததும் மாப்பிள்ளை நடந்து பார்த்தார். நன்றாக இருந்தது. நீங்கள் யார் என்று கேட்டார்.

"போட்டோகிராபரோட மச்சான்" என்றான்.

தாலி கட்டும்போது நாங்கள் பின்வரிசையில் இருந்தோம். அட்சதை போட எழுந்தவன் தூரத்திலிருந்தே போட்டுவிட்டு உட்கார்ந்தான். அவள் எங்களைப் பார்த்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. பந்தியில் அவனுக்கு ஆகாதவைதான் எல்லாம். பாயசத்தை மட்டும் ஒரு வாய் குடித்தான். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான்.

அந்த ஆடியில் கடைக்காரர் அவனைக் கேட்டு ஆள் அனுப்பினார். வேண்டாம் என்று நான் சொல்லுவதற்குள் அவன் வருகிறேன் என்றுவிட்டான். நாற்காலியில் உட்காரவைத்து எடுத்தேன். அவனாகவே சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டான். அதுதான் கடைசி.

புரட்டாசியில், மழை பெய்துகொண்டிருந்த ஒரு மதியம், ஆஸ்பத்திரியில் போய்விட்டான். என் மனைவி அப்போது அவன் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். நான் மாத்திரை வாங்க வெளியே போயிருந்தேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் சொந்தக்காரர்கள் வந்தார்கள். சிதம்பரத்துக் கடைக்காரர் மாலையோடு ஒரு புதுப் பட்டு வேட்டியும் சட்டையும் அனுப்பியிருந்தார். அன்பாகத்தான் அனுப்பினார். என் மனைவியின் பெரியப்பா, கல்யாணமாகாத ஆம்பளையை அப்படியே அனுப்பக்கூடாது என்றார். வாழைக்கன்று ஒன்று கொண்டுவந்து, அதற்கு அவன் கையால் தாலி கட்டுவதுபோல் செய்து, அதை வெட்டிப் போட்டுவிட்டுத்தான் தூக்கவேண்டும் என்பது அவர்கள் பக்கத்து வழக்கம். அதற்கு ஆளும் கிளம்பியாகிவிட்டது. பட்டு வேட்டியை ஒருவர் பிரிக்கப் போனார்.

அதுவரை சுவரில் சாய்ந்து கிடந்த என் மனைவி எழுந்து வந்தாள்.

"அதெல்லாம் வேணாம் பெரியப்பா."

"மொறன்னு ஒண்ணு இருக்கேம்மா."

"அவன் மாப்பிள்ளையா நின்னதெல்லாம் போதும். அவன் சட்டையிலயே போவட்டும்."

அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் உட்கார்ந்துவிட்டார். அவள் உள்ளே போய், அவன் கடைக்குப் போட்டுப் போகும் நீலக் கட்டம் போட்ட சட்டையைக் கொண்டுவந்தாள். நானும் இன்னொருவரும் சேர்ந்து அதைப் போட்டுவிட்டோம். நான் அவனுக்கு எத்தனையோ முறை சட்டை மாட்டிவிட்டிருக்கிறேன். அன்று கை நுழையவே இல்லை.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு, ஸ்டூடியோவில் பழைய படங்களைத் திறந்து உட்கார்ந்தேன். திருத்துவதற்கு முன்னால் எடுத்தபடியே இருப்பவை. வருடம் மாற மாற முகம் எப்படி மாறிக்கொண்டு வந்தது என்பது அவற்றில் தெளிவாக இருந்தது. வரிசையாகப் பார்த்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் படப்பிடிப்பு என்பது அந்தந்த நாளோடு முடிந்துவிடுகிற வேலை. யாரும் வரிசையாகப் பார்ப்பதில்லை. அவற்றை அழிக்கவும் இல்லை, மறுபடி திறக்கவும் இல்லை.

பதினாறாம் நாள் அந்தப் பெண் தன் கணவரோடு பெண்ணாடத்திலிருந்து வந்தாள். மாசமாக இருந்தாள். அவளும் என் மனைவியும் சமையலறையில் வெகுநேரம் இருந்தார்கள். நானும் அவள் கணவரும் முன்னறையில் கரும்பு அரவையைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தோம். அவர் நல்லவர். வேட்டி கட்டிவிட்டவரின் வீடு இதுதான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அதற்காகவே வரவேண்டும் என்று நினைத்ததாகச் சொன்னார். அவர்கள் கிளம்பும்போது என் மனைவி அவளுக்குக் குங்குமம் வைத்து அனுப்பினாள். உள்ளே என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

தொழில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. போன மார்கழியில் அதே மண்டபத்தில் வேறொரு மாப்பிள்ளையை நிறுத்திப் படம் எடுத்தேன். அந்த முறை என் மனைவியும் கூட வருகிறேன் என்றாள். நாள் முழுக்க முன்வரிசையில் உட்கார்ந்து மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஒருமுறை எழுந்து வந்து, பெண்ணின் புடவை மடிப்பில் ஒட்டியிருந்த நூலை எடுத்துவிட்டுப் போனாள்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். புதுச்சத்திரம் தாண்டிய பிறகு பேசினாள்.

"அந்த ரெண்டு வருஷம் உங்க மேல அவ்ளோ கோவமா இருந்தேன் இல்ல."

ஆமாம் என்றேன்.

"அப்ப நல்லா தூங்குனேங்க."

கண்டக்டர் வந்து முதுநகர் இறங்குபவர்கள் யார் என்று கேட்டார். நாங்கள் இருவர் என்று சொன்னேன்.